டார்மாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு விமானச் செய்தியை மொழிபெயர்க்கிறேன். ‘பயணிகள் மூன்று மணி நேரம் டார்மாக்கில் காத்திருந்தனர்’ என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். இங்கே டார்மாக் என்பது விமானங்கள் நிற்கும் தளம். ஓடுபாதை என்று போட்டால் தப்பு. விமானம் நின்றது முனையத்துக்குப் பக்கத்தில்.

சொல் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. சரளைக்கல்லை இறுக்கிச் சாலை போடும் முறைக்கு, அதை வகுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடாமின் பெயரே நிலைத்தது. அப்புறம் 1901இல் இங்கிலாந்தின் டென்பியில், சாலையில் கொட்டிப்போன தாரின் மேல் யாரோ இரும்பு உலைக் கசடைப் போட்டு மூடியிருந்தார்களாம். அந்த இடம் மட்டும் புழுதி கிளம்பாமல் வழவழவென்று கிடந்ததை எட்கர் ஹூலி என்ற சாலைப் பொறியாளர் கவனித்தார். தாரையும் கசடையும் கலந்து சாலை போடும் முறைக்கு 1902இல் காப்புரிமை பெற்றார். தாரும் மெக்கடாமும் சேர்ந்து டார்மாக். இன்று விமானங்கள் நிற்கும் தளம் பல இடங்களில் கான்கிரீட்தான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

துறைக்குள் அந்தத் தளத்துக்கு ஏப்ரன் என்று பெயர். இலங்கையில் வாகனத் தரிப்பிடம் என்கிறார்களே, ‘விமானத் தரிப்பிடம்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமா? விமான நிலையத்தில் தரைப்பணி பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்குள் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.