ஓடுகிற லூப்பை ஏன் மாற்ற வேண்டும்?

புதியவன்:
பைத்தான் நிரல்மொழியில் இரண்டு பட்டியல்கள். முதலாவதில் உள்ள ஐடிகளில், இரண்டாவதிலும் இருப்பவை மட்டும் வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் போட்டேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் "செட் போடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்; அதாவது பட்டியலுக்குப் பதில், வரிசையும் இரட்டையும் இல்லாத தொகுப்பு. சரியாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?

லூப்_போதும்:
தலா 200 ஐடி என்றால் அதிகபட்சம் 40,000 ஒப்பீடு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், தொடாதீர்கள். பழகிய லூப்பில் பிழை வந்தால் எந்த வரி என்று உடனே தெரியும். நேற்றுக் கற்ற உத்தியில் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். சின்னச் சின்ன வேக லாபங்களைச் சுமார் 97 சதவீத நேரம் மறந்துவிடலாம் என்று கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1974-லேயே எழுதிவிட்டார்.

செட்_கட்சி:
அடுத்த வரியையும் சொல்லுங்கள். முக்கியமான மீதி 3 சதவீதத்தைக் கைவிடக் கூடாது என்கிறார். பட்டியல்கள் தலா 50,000 ஆனால் ஒப்பீடு 250 கோடி வரை போகும். செட்டில் எத்தனை இருந்தாலும் ஒரு தேடலுக்குச் சராசரியாக ஒரே அளவு நேரம்தான். இதை மெருகு என்று ஒதுக்காதீர்கள், அடிப்படை இது.

லூப்_போதும்:
அப்படி நம்பித்தான் நானும் ஒருமுறை இரண்டு பட்டியலையும் செட்டாக்கினேன். வரிசை கலைந்தது. இருமுறை வந்த ஐடிகள் ஒன்றாகிப் போயின. அறிக்கையில் கூட்டுத்தொகை குறைந்தது, காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

செட்_கட்சி:
இரண்டையும் மாற்றியதுதான் கோளாறு. இரண்டாவதை மட்டும் செட்டாக்கி, முதல் பட்டியலைப் பழையபடி லூப்பில் ஓட்டுங்கள். வரிசையும் நிற்கும், இரட்டைகளும் நிற்கும். கூடுதலாக ஒரே வரி. இரட்டை லூப்பிலும் பொறி இருக்கிறது: பொருத்தம் கிடைத்ததும் உள் லூப்பை நிறுத்தும் பிரேக் போடாவிட்டால், இரண்டாவது பட்டியலில் இருமுறை உள்ள ஐடி விடையில் இருமுறை விழும். புதியவன், பிரேக் போட்டீர்களா?

புதியவன்:
இல்லை! சோதித்த பட்டியலில் இரட்டை ஐடியே இல்லை, அதனால் தெரியவில்லை.

லூப்_போதும்:
அப்படியானால் மாற்றுங்கள், இந்த ஒரு வரி யாருக்கும் புரியும். ஆனால் நாளை கெடு என்றால் இன்று புதிதாகப் படித்து எழுதுவதை ஒப்பமாட்டேன். பிரேக் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த வாரம் படிக்கலாம்.

செட்_கட்சி:
அந்த அடுத்த வாரம் வந்து நான் பார்த்ததில்லை. பத்து நிமிடப் பாடத்தை இன்றே முடிக்கலாமே.

லூப்_போதும்:
சரி, பழைய லூப்பை அழிக்காமல் பிரேக் சேர்த்து டெஸ்ட்டில் வையுங்கள். சின்னப் பட்டியல்களைக் கொடுத்து இரண்டின் விடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

செட்_கட்சி:
இதில் நான் உங்கள் பக்கம். இரட்டை ஐடிகளை வேண்டுமென்றே போட்டுச் சோதியுங்கள், ஒரு காலிப் பட்டியலும் சேர்த்து.