மாயவரத்துக்கு எதுக்கு மாவட்டம்?

அரசலாற்றான்: "தஞ்சாவூருக்கு அடுத்து டெல்டாவுல ஊர்னா மாயவரம்தான், அதான் மாவட்டமே குடுத்தாங்க"ன்னு துலாக்கட்டம் அண்ணன் நேத்து இங்க எழுதியிருந்தார். படிச்சதும் குடிச்சிட்டிருந்த காபி புரையேறிடுச்சு. அண்ணே, மாயவரம் ரயில் மாறுற ஊர். எங்க கும்பகோணம் எத்தனை வருஷமா தனி மாவட்டம் கேட்டுக்கிட்டிருக்கு தெரியுமா? அது கிடக்கட்டும். உங்க மாவட்டத்து கலெக்டர் ஆபீஸ் மாயவரத்துலயே இல்லையே? மன்னம்பந்தல்ல தானே கட்டியிருக்காங்க?

துலாக்கட்டம்: தம்பி, எங்க நகராட்சி 1866. வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாவும் அப்புறம் நகராட்சித் தலைவராவும் இருந்த ஊர். தமிழ்ல முதல் நாவல் எழுதின மனுஷன் பேருக்கு முன்னாடி மாயூரம்னு இருக்கு. உங்க ஊர் பேர் எதுக்கு முன்னாடி இருக்கு? டிகிரி காபிக்கு.

அரசலாற்றான்: எங்க நகராட்சியும் 1866தான், இப்ப மாநகராட்சி. ராமானுஜன் படிச்ச ஊரைப் பார்த்து காபிக்கடைங்கறீங்க. சரி, மன்னம்பந்தல் என்னாச்சு?

துலாக்கட்டம்: மன்னம்பந்தல் என்ன மலேசியாவுலயா இருக்கு? டவுன் பஸ்ல டிக்கெட் கிழிக்கறதுக்குள்ள வந்துடும். தருமபுரம் ஆதீனம் இடம் குடுத்தாங்க, அங்க கட்டினாங்க. 1991ல தஞ்சாவூர்லேர்ந்து பிச்சு எங்களை நாகப்பட்டினத்தோட சேர்த்தப்ப பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. பட்டா தகராறுக்கு எங்கப்பா திங்கக்கிழமை மனு குடுக்கப் போவார். விடியக்காலை பஸ், மடியில மஞ்சப்பை, அதுல போன தடவை குடுத்த மனுவோட நகல், ரெண்டு இட்லிப் பொட்டலம். காரைக்கால் வழியா போற பஸ்ஸா இருந்தா புதுச்சேரி எல்லைக்குள்ள பூந்து வெளிய வரணும். திரும்பி வர்றப்ப பின் சீட்டுல பாதிப் பேரு மிதந்துக்கிட்டு வருவான். செக்போஸ்ட்ல நிறுத்தி எல்லார் பையையும் துழாவுவாங்க. எங்கப்பா மஞ்சப்பையையும் சேர்த்துத்தான். 2020 டிசம்பர் 28ம் தேதி மாவட்டம் வந்தப்ப அவர் இல்லை. இதெல்லாம் அரசலாத்துக் கரையில உக்காந்து வெத்தலை போடறவங்களுக்கு எங்க தெரியப் போவுது.

அரசலாற்றான்: அப்பா கதை வருத்தம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா மனு குடுக்க இப்பவும் மாயவரத்தை விட்டு வெளிய தானே போகணும்?

சட்டநாதன்: சீர்காழிலேர்ந்து ஒரு சின்ன வார்த்தை. ஞானப்பால் குடிச்ச ஊர் இருக்கு, அது பேரை மாவட்டத்துக்கு வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. அப்புறம், மாயவரம்னு எழுதாதீங்க. 1982லயே மயிலாடுதுறைன்னு மாத்தியாச்சு. சம்பந்தரே மயிலாடுதுறைன்னுதான் பாடியிருக்கார்.

துலாக்கட்டம்: கண்டக்டர்கிட்ட "மாயவரம் ஒண்ணு"ன்னுதான் கேப்பேன். அவரும் குடுப்பாரு. நீங்க தேவாரம் பாடி டிக்கெட் வாங்குங்க.

ஓசோன்காற்று: எல்லாரும் கொஞ்சம் அடங்குங்க. 1845ல டேனிஷ்காரன் கோட்டையை வித்துட்டுக் கிளம்பின பிறகு தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரே பதினஞ்சு வருஷம் எங்க தரங்கம்பாடியிலதான் உக்காந்திருந்தார். அதைச் சொல்லி நாங்க பீத்திக்கலை. ஜங்ஷன் ஜங்ஷன்னு குதிக்கற மாயவரம், 1986ல நின்னு போன எங்க ரயிலுக்காக என்ன கிழிச்சீங்க?

துலாக்கட்டம்: உங்க ரயிலை நானா நிறுத்தினேன்? நாலு பேரு ஏறியிருந்தா ஓடியிருக்கும்.

ஓசோன்காற்று: இந்தத் திமிருக்குத்தான் உங்க காவிரியில தண்ணியே வரலை.

அரசலாற்றான்: ஹாஹா. 2017 காவிரி புஷ்கர முழுக்குக்கு உங்க துலாக்கட்டப் படித்துறையில தொட்டி கட்டி போர் தண்ணி விட்டாங்களே, மறக்க முடியுமா.

துலாக்கட்டம்: உங்க மகாமகக் குளத்துல மட்டும் பன்னீர் ஊறுதோ? ஐப்பசி பூரா கங்கையே எங்க ஊருக்கு வந்து முழுகிட்டுப் போறா. கடைமுழுக்கு அன்னிக்கு வந்து படித்துறையில கால் வைக்க இடம் இருக்கான்னு பாருங்க. வர முடியாத முடவனுக்குன்னு கார்த்திகை ஒண்ணாந்தேதி தனியா ஒரு முழுக்கு வச்சிருக்கற ஊர் வேற எது? ஆத்து நடுவுல நந்தி உக்காந்திருக்கற ஊர் சார் இது. சும்மாவா சொன்னாங்க, ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமான்னு.

அரசலாற்றான்: "ஆகுமா"ன்னு கேட்டிருக்காங்க. ஆகலை. அதான் ஆபீஸ் மன்னம்பந்தலுக்குப் போயிடுச்சு.

துலாக்கட்டம்: பழமொழிக்கே அர்த்தம் தெரியாதவன்கிட்ட என்ன பேசறது. ஆயிரம் ஊர் சேர்ந்தாலும் ஒரு மாயூரத்துக்கு ஈடாகுமான்னு அர்த்தம். மணிக்கூண்டுலேர்ந்து மகாதானத் தெரு வரைக்கும் யாரை வேணா நிறுத்திக் கேளுங்க.

சட்டநாதன்: மாயூரமும் இல்லை, மயிலாடுதுறை.

துலாக்கட்டம்: சார், நீங்க வேற!

பாதிப்பாயசம்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். வர்ற திங்கக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு மனு குடுக்கப் போகணும். கலெக்டர் ஆபீசுக்கு எந்த பஸ்ல ஏறணும்?

துலாக்கட்டம்: பூம்புகார் பஸ்ஸோ தரங்கம்பாடி பஸ்ஸோ ஏறுங்க தம்பி. மன்னம்பந்தல்னு சொன்னா இறக்கி விடுவாங்க. வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க, அம்மாவுக்குக் குடை எடுத்துக்கங்க.

அரசலாற்றான்: பார்த்தீங்களா! மாயவரத்துல இறங்குன்னு அவர் வாயாலயே வரலை பார்த்தீங்களா!

துலாக்கட்டம்: போன வருஷம் இங்க காபி பத்தின திரியில சிக்கரி கலக்கறதே இல்லைன்னு அடிச்சு விட்ட ஆள் தானே நீ? ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போடட்டுமா?