உரிமையாளர் மாறி லைசென்ஸும் மாறிவிட்டது: எந்த கமிட்டிலிருந்து ஃபோர்க் எடுப்பது?

கேள்வி
நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரியை ஒரு நிறுவனம் வாங்கி, அப்பாச்சி 2.0 என்ற திறந்த லைசென்ஸை விட்டு, பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிஸினஸ் சோர்ஸ் லைசென்ஸ் 1.1-க்கு மாற்றிவிட்டது. ஃபோர்க்கை (பழைய கோடை நகலெடுத்துத் தனியாக வளர்க்கும் பிரதி) பராமரிக்க ஐந்து பேர் இருக்கிறோம். எந்த கமிட்டில் (கோடு வரலாற்றில் பதிவான ஒரு மாற்றம்) வெட்டுவது? அவர்கள் இனி வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்களை எடுக்கலாமா?

மறுமொழி 1
அப்பாச்சி 2.0-இல் ஏற்கெனவே வெளிவந்த கோடின் உரிமையை அவர்களால் திரும்பப் பெற முடியாது. லைசென்ஸ் கோப்புக்கு மட்டும் கிட் லாக் (மாற்றங்களின் பட்டியல்) பாருங்கள். மாற்றம் நுழைந்த கமிட்டுக்கு முந்தையதுதான் உங்கள் தொடக்கம். பழைய வெளியீட்டுக் கிளைகளையும் தனியாகப் பாருங்கள், அவை இன்னும் அப்பாச்சியிலேயே இருக்கலாம். ஜிப் வேண்டாம், முழு வரலாற்றோடும் கிளைகளோடும் வரும் மிரர் க்ளோன் எடுங்கள். எந்த வரி எப்போது வந்தது என்று நாளை யாராவது கேட்டால் வரலாறுதான் சாட்சி. 2024 ஏப்ரலில் டெராஃபார்ம் கருவியின் நிறுவனமான ஹாஷிகார்ப், அதன் ஃபோர்க்கான ஓப்பன்டோஃபு தன் புதிய லைசென்ஸ் கோடை எடுத்துவிட்டதாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பகுதி எம்பிஎல் என்ற திறந்த லைசென்ஸில் இருந்த பழைய கோடிலிருந்து வந்தது என்று ஓப்பன்டோஃபு வரிவரியாக ஒப்பிட்டுப் பதில் தந்தது. கோடோடு வரும் NOTICE கோப்பையும் பதிப்புரிமை (காப்பிரைட்) வரிகளையும் அழிக்காதீர்கள்.

மறுமொழி 2
அவர்களுடைய திருத்தங்களை செர்ரி-பிக் செய்யவே (அந்த கமிட்டை அப்படியே எடுத்துச் சேர்க்கவே) கூடாது. பிழை யாருக்கும் சொந்தமல்ல, அதைத் திருத்திய கோடுதான் சொந்தம். ஒருவர் சிவிஇ அறிவிப்பை (பாதுகாப்பு ஓட்டை பற்றிய பொது அறிவிப்பு) மட்டும் படித்து, தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதட்டும். அவர்களுடைய டிஃபை (மாறிய வரிகளை) பார்க்காத இன்னொருவர் திருத்தம் எழுதட்டும். பிஸினஸ் சோர்ஸ் லைசென்ஸில் ஒவ்வொரு பதிப்பும் அதிகபட்சம் நான்கு ஆண்டில் திறந்த லைசென்ஸுக்கு வந்துவிடும்தான். ஆனால் பாதுகாப்பு ஓட்டைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

மறுமொழி 3
பெயரை உடனே மாற்றுங்கள். அப்பாச்சி 2.0-இன் 6-ஆம் பிரிவு டிரேட்மார்க் உரிமை தருவதில்லை. ஹட்சன் என்ற பில்ட் கருவி 2011-இல் ஜென்கின்ஸ் ஆனதும் பெயர்த் தகராறால்தான். ஆனால் ஏபிஐ பெயர்களை (பயனர்களின் கோடு அழைக்கும் ஃபங்ஷன் பெயர்கள்) தொடாதீர்கள், அவர்களுடைய கோடு உடையும்.

உங்கள் ஃபோர்க்கும் நாளை இப்படி லைசென்ஸ் மாறாமல் இருக்க, பங்களிப்பவர்களிடம் சிஎல்ஏ (கோடின் மீது கூடுதல் உரிமை தரும் ஒப்பந்தம்) கேட்காமல் டிசிஓ (கோடைத் தர தனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) கையொப்பம் போதும் என்பார்கள். அப்பாச்சி, பிஎஸ்டி போன்ற தளர்வான லைசென்ஸ்களில் அது மட்டும் காப்பாற்றாது; அடுத்த பதிப்பை வேறு லைசென்ஸில் வெளியிட அவையே இடம் தருகின்றன. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் பிஎஸ்டியில்தான் இருந்தது; 2024 மார்ச்சில் மாறியது. டிரேட்மார்க், டொமைன், பேக்கேஜ் வெளியிடும் சாவி மூன்றையும் ஒரு அறக்கட்டளையிடம் வையுங்கள். ரெடிஸின் ஃபோர்க்கான வால்கீயும் ஓப்பன்டோஃபுவும் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கீழ் போனது இதனால்தான்.

மறுமொழி 4
லைப்ரரி டேட்டாவை டிஸ்கில் எழுதுமானால் ஃபார்மட்டையும் கவனியுங்கள். உதாரணமாக, ரெடிஸ் 7.2-இன் ஆர்டிபி (டேட்டாவைச் சேமிக்கும் கோப்பு ஃபார்மட்) பதிப்பு 11, 7.4-இல் அது 12. 7.2-இலிருந்து வால்கீ 8-க்கு கோப்பு நேராக ஏறும். 7.4-க்குப் போய்விட்டால் வழக்கமான அமைப்பில் ஏறாது, கீகளை ஒவ்வொன்றாக எழுதி மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் பயனர்களிடம் புதிய பதிப்பை நிறுவும் முன்பே சொல்லிவிடுங்கள்.