ராஜம் கிருஷ்ணன்: எந்த நாவலில் தொடங்கலாம்? அவர் எழுத்து எதையாவது மாற்றியதா?

கிளைநூலகம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பள்ளி ஆசிரியைகள், தையல் கடை வைத்திருப்பவர், மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு தங்கை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று கலவையான கூட்டம். அடுத்த சில மாதங்களுக்கு ராஜம் கிருஷ்ணனை மட்டுமே வாசிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

பாடப்புத்தகத்திலும் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் வருவது எல்லோருக்கும் தெரிகிறது. 1925இல் முசிறியில் பிறந்தார், 15 வயதில் கல்யாணம், கல்லூரிக்கே போகவில்லை, 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது, தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண். அப்புறம் “களத்துக்கே போய் எழுதியவர்” என்று ஒரு வரி. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் குறையாக இருக்கிறது.

போன கூட்டத்தில் தமிழாசிரியர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். “உப்பளத்தைப் பற்றி எழுதினார், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுதினார், சரி, அதனால் உப்பளத்தில் என்ன மாறியது? கதையும் கட்டுரை மாதிரிதானே இருக்கிறது?” என்றார். அவர் வம்புக்குக் கேட்கிறவர் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் எழுதிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள், உங்கள் ஊரில் அந்தப் புத்தகம் எப்படி இருக்கிறது? முதல் மாதத்துக்கு எதை எடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்துநகர்க்காரன்:

அக்கா, ‘கரிப்பு மணிகள்’ எங்கள் வீட்டுக் கதை. அம்மா, சித்தி, பெரியம்மா எல்லோரும் தூத்துக்குடியில் அளத்துக்கு, அதாவது உப்பளத்துக்கு, வேலைக்குப் போனவர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அப்படி ஒரு நாவல் இருப்பதே தெரிந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினேன். பாதியில் ஒரு நாள், “எழுதுனவ அளத்துல நின்னு பாத்திருக்கா, சும்மா கேட்டுட்டு எழுதல” என்றார். எனக்குத் தெரிந்து அந்த நாவலுக்குக் கிடைத்த சரியான விமர்சனம் அது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். உப்பு விளைவது வெயிலில். வெயில் ஏற ஏறப் பாத்தி முழுக்க வெள்ளையாக மின்னும், அந்தக் கூச்சத்திலேயே நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வயதாவதற்கு முன்பே பார்வை போகும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கும், அந்த வெடிப்புக்குள் மறுபடியும் உப்பு இறங்கும். வாரிய உப்பைப் பெண்கள் பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது, அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் வேலையே கிடையாது, அடுத்த பருவம் வரை கடன்தான். இதோடு கணக்கப்பிள்ளை, கங்காணி தொல்லை. பொன்னாச்சி என்ற பெண் வேலைக்கு வந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுகொள்வதை அவர் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு இடத்தில்கூட பரிதாபத்துக்காகக் கூட்டிச் சொன்ன மாதிரி இருக்காது.

நாவல் வந்தது 1979. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு நிவாரணம் என்று அரசு 5000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது 2022இல். இடையில் எத்தனை வருடம் என்று பாருங்கள். நாவலால் அந்தப் பணம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், அதற்குத் தொழிற்சங்கக்காரர்கள் நடையாய் நடந்தார்கள். ஆனால் அளத்தைப் பற்றி வெளியே யாருக்காவது சொல்ல வேண்டும் என்றால் நாங்கள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் கொடுக்கிறோம். ஐயா கேட்ட “என்ன மாறியது” என்பதற்கு என்னால் சொல்ல முடிகிற பதில் இவ்வளவுதான். அம்மா தலைமுறை பட்ட பாடு ஒரு இடத்தில் எழுத்தில் இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பொரங்காடு:

நான் நீலகிரி. படகர். ‘குறிஞ்சித்தேன்’ பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு, அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

அவர் கணவர் கிருஷ்ணன் மின்சாரத் துறையில் பொறியாளர். அவர் வேலை மாற்றலாகும் ஊருக்கெல்லாம் இவரும் போனார், அப்படித்தான் எங்கள் மலைக்கு வந்தார். குந்தா நீர்மின் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அதிகாரி வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் வந்து குளிரைக் குறைசொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இவர் ஹட்டிகளுக்குள் (எங்கள் படகர் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்) போய், வீட்டுக்குள் உட்கார்ந்து, பெரியவர்களிடம் பழக்கவழக்கம், சாமி, பயிர், கல்யாணம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பதை வைத்துக்கொண்டு ஜோகி என்ற ஒரு மனிதனின் வாழ்நாளைச் சொல்கிறார். சின்ன வயதில் அவன் பார்த்த சாமையும் ராகியும் விளைந்த நிலம், வயதான காலத்தில் தேயிலையாகிவிட்டது. கையில் காசு வருகிறது, படிப்பு வருகிறது, ஆனால் அண்ணன் தம்பிக்குள் பழைய ஒட்டுதல் இல்லை. இது எங்கள் தாத்தா காலத்தில் நிஜமாகவே நடந்தது. அதை அப்போதே கவனித்து 1963இல் புத்தகமாகக் கொண்டுவந்தது பெரிய விஷயம். இப்போது எங்கள் பையன்கள் சாமை எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள்.

வீட்டிலுள்ள இரண்டாவது கருத்து என்னவென்றால், பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் அதிகமாகவே தூய்மையாகக் காட்டிவிட்டார், மாற்றம் வந்ததால்தான் கெட்டது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும் என்பது. என் அத்தைக்கு இதில் கடுமையான கோபம். “தேயிலை வந்ததாலதான் நான் பள்ளிக்கூடம் போனேன்” என்பார். அதுவும் நியாயம்தான். வெளியிலிருந்து வந்தவர் எழுதியது என்பது சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது. இருந்தாலும் அத்தை அந்தப் புத்தகத்தை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார், பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

வடிவேறு:

தமிழாசிரியர் ஐயா சொன்னதில் பாதி எனக்கும் ஒப்புதல். நான் அவருடைய நாவல்கள் நிறைய வாசித்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன். பிற்கால நாவல்களில் பாத்திரங்கள் பேசும்போது ஆசிரியரே குறுக்கே வந்து பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டு பேர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து நாட்டு நிலவரத்தையும் காந்தியத்தின் வீழ்ச்சியையும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். அப்படி நம் வீட்டில் யார் பேசுகிறார்கள்? தகவல் சேகரித்ததை எல்லாம் எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் தெரியும். மௌனத்தை நம்பி எழுதுகிற எழுத்தாளர் இல்லை அவர்.

அவருடைய காலத்தில் இதைக் காரணம் காட்டி அவரை இலக்கியவாதியாகவே ஏற்காதவர்கள் இருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்திலேயே ஒரு நடுத்தர வீட்டுப் பெண் உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் சிவகாசித் தீப்பெட்டி ஆலைக்கும் கோவாவுக்கும் சம்பல் பள்ளத்தாக்குக்கும் போய் எழுதினார். பத்திரிகை அனுப்பவில்லை, பல்கலைக்கழகம் பணம் கொடுக்கவில்லை. வடிவம் சரியில்லை என்று சொல்லலாம், சொல்கிறவர்கள் அதற்கு முன் அந்த உழைப்பைப் பார்க்க வேண்டும்.

சிவகாசி பற்றிய ‘கூட்டுக்குஞ்சுகள்’ வந்த பிறகுதான் 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் விடிவதற்கு முன்னாலேயே ஆலை வண்டி வந்து கிராமத்துப் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிப் போவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் தினமும் பார்த்துப் பழகிப்போன ஒன்றாக இருந்தது. அதை நாவலாக்கிப் பத்திரிகை படிக்கிற குடும்பங்களின் கையில் கொடுத்தார். பெண் சிசுக்கொலை பற்றி ‘மண்ணகத்துப் பூந்துளிகள்’ எழுதியதும் அப்படித்தான், வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது 1992இல்.

கீழத்தஞ்சை:

தோழர்களே, ‘பாதையில் பதிந்த அடிகள்’ பற்றி யாருமே சொல்லவில்லையே! இந்தக் கேள்விக்கு நேரான பதில் அந்தப் புத்தகம்தான்.

மணலூர் மணியம்மை என்று ஒருவர் இருந்தார். பிராமணக் குடும்பம், இளம் வயதிலேயே விதவை. மூலையில் உட்கார வைக்கப்பட்டிருக்க வேண்டியவர். அவர் தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, சேரிக்குள் போய்ப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். காங்கிரஸில் ஆரம்பித்துக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவர். பண்ணையில் தவறு செய்தவனுக்கு சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனை என்று இருந்த காலம் அது. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதை நிறுத்தப் போராடியவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். 1953இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார்.

அதற்குப் பிறகு அவரை யார் நினைத்தார்கள்? கட்சியில் பழைய ஆட்கள் சிலர் வாய்வழியாகச் சொல்வதோடு சரி. ராஜம் கிருஷ்ணன்தான் வந்து, அந்த அம்மாவைப் பார்த்தவர்கள், கூட வேலை செய்தவர்கள், அந்தச் சேரிகளில் மிச்சமிருந்த கிழவர் கிழவிகள் எல்லோரையும் தேடித் தேடிக் கேட்டு எழுதினார். 1991இல் புத்தகம் வந்தது. அவர் பத்து வருடம் தாமதித்திருந்தால் சொல்வதற்கு ஆள் இருந்திருக்காது. இன்றைக்கு மேடையில் மணலூர் மணியம்மை என்று யார் பேசினாலும் அந்தத் தகவல் சுற்றிச் சுற்றி இந்தப் புத்தகத்துக்குத்தான் போய்ச் சேரும். ஒரு பெண்ணின் போராட்டம் அப்படியே மண்ணோடு போயிருக்கும், போகவிடாமல் பிடித்து நிறுத்தினார். இதைவிடச் சமூகத் தாக்கம் என்ன வேண்டும் என்று உங்கள் ஐயாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இதோடு ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலையும் சேர்த்துப் படிக்கலாம், எங்கள் பக்கத்து வயல்வேலைக்காரர்களைப் பற்றியது. 1968இல் வெண்மணியில் கூலி விவசாயிகள் குடும்பங்களோடு எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பிறகு இந்தப் பக்கம் என்ன நிலைமை என்று தெரியாதவர்களுக்குப் புரியும்.

தையல்வேலை:

மேலே எல்லோரும் ஆராய்ச்சி, களம் என்று பேசுகிறீர்கள். நான் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். அவர் முதலில் எழுதியது வீட்டைத்தான். ‘பெண்குரல்’ என்று 1950களின் ஆரம்பத்தில் எழுதி கலைமகள் பரிசு வாங்கினார். கூட்டுக் குடும்பத்துக்குள் படித்த மருமகள் ஒருத்தி மூச்சுவிட முடியாமல் இருப்பதைப் பற்றியது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் நாத்தனார் கொடுத்துப் படித்தேன். கொடுத்தவர் நாத்தனார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசிக்கொண்ட மாதிரி அதற்கு முன் பேசியதில்லை.

‘காலந்தோறும் பெண்’ கட்டுரைத் தொகுப்பையும் விடாதீர்கள். கதை வேண்டாம், நேராகவே சொல்லு என்கிறவர்களுக்கு அது.

அவருடைய கடைசிக் காலம் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். பிள்ளைகள் இல்லை. 2002இல் கணவர் போன பிறகு கையிலிருந்த பணமும் போய், உடம்பும் முடியாமல், விச்ராந்தி முதியோர் இல்லத்தில் இருந்தார், அப்புறம் போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் வருடக்கணக்காக. 2009இல் அவர் இருக்கும்போதே அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி 3 லட்சம் ரூபாய் கொடுத்தது. பொதுவாக எழுத்தாளர் இறந்த பிறகு வாரிசுகளுக்குக் கிடைப்பது அது. இவருக்கு மருத்துவச் செலவுக்காக முன்னதாகவே கொடுக்க வேண்டிய நிலை. 2014 அக்டோபர் 20இல் இறந்தார். ஊரெல்லாம் போய் மற்றவர்களின் கூலியைப் பற்றிக் கேட்டவருக்கு, இத்தனை புத்தகம் எழுதிய பிறகும் சொந்தமாகத் தங்க ஒரு இடம் இல்லை. எழுதிப் பிழைக்கிற பெண்களின் நிலைமையைப் பேசாமல் அவருடைய விருதுகளை மட்டும் உங்கள் கூட்டத்தில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிளைநூலகம்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. முத்துநகர்த் தம்பி, உங்கள் அம்மா சொன்னதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன், உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

முதல் மாதம் ‘கரிப்பு மணிகள்’, அடுத்தது ‘பாதையில் பதிந்த அடிகள்’, மூன்றாவது ‘பெண்குரல்’ என்று வைத்துக்கொள்கிறோம். ‘குறிஞ்சித்தேன்’ எடுக்கும்போது பொரங்காடு அவர்களின் அத்தையைத் தொலைபேசியில் பேசவைக்க முடியுமா? எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, மற்றவர்களுக்கு என்ன செய்வது?

வடிவேறு:

நாட்டுடைமை நூல்கள் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் ‘கரிப்பு மணிகள்’ உட்பட அவருடைய நாவல்கள் பல இருக்கின்றன, கைபேசியிலேயே படிக்கலாம். வயதானவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ‘கரிப்பு மணிகள்’ முழுக்கத் தூத்துக்குடிப் பேச்சு, முதல் சில அத்தியாயங்களைக் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் சத்தமாக வாசித்தால் காது பழகிவிடும், அப்புறம் அவரவர் வீட்டில் படித்துக்கொள்வார்கள்.

பொரங்காடு:

அத்தையிடம் கேட்டுவிட்டேன், பேசுகிறேன் என்கிறார். ஞாயிறு காலை என்றால் வேண்டாம், பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.