உதவி தேவை: குத்துப் பை அதிர்கிறது, ஆள் அசையவில்லை. குத்துக்குப் பலம் எங்கிருந்து வரும்?

தாமுவே_குமரன்
அவசரம். மூன்று மாதமாக விடாமல் பயிற்சி செய்கிறேன். நான் அடித்தால் பை எதிர்ச்சுவர் வரை போய் வருகிறது. ஆனால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) வலது கை முழுதாக விழுந்தும் எதிரே நிற்பவன் தலையை ஆட்டிவிட்டு மேலே வருகிறான். பெஞ்ச் பிரஸ் 80 கிலோ, புஷ்அப் தினம் 200. இன்னும் எதைக் கூட்ட வேண்டும்? நாக் அவுட் பலம் எங்கிருந்துதான் வருகிறது? அடுத்த மாதம் போட்டி. எட்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், சீக்கிரம் சொல்லுங்கள்.

மோல்மேன்_ரவி
தம்பி, குத்துச்சண்டையா, லெத்வேயா (கையுறை இல்லாத பர்மியச் சண்டை)? அதைச் சொல்லவே இல்லையே. கையுறையா, வெறும் துணிக்கட்டா? உன் எடை என்ன?

பகோ_செல்வம்
எதிரே நிற்பவனுடைய எடையும் வேண்டும். உன்னைவிட 10 கிலோ கூடுதல் என்றால் கேள்வியே வேறு.

பழைய_கை
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. மூன்று மாதத்தில் நாக் அவுட் கேட்பது, விதை போட்ட மறுநாள் நெல் கேட்பது போல. குத்துப் பலம் பிறவிச் சொத்து. குத்துச்சண்டை வீரர் டாமி ஹெர்ன்ஸைப் பார். 147 பவுண்டுப் பிரிவில் வளர்ந்த ஒல்லிக்குச்சி மனிதர். 1984-ல் ராபர்டோ டுரானை இரண்டாம் சுற்றிலேயே முகம் குப்புற விழவைத்தார். எந்தப் பெஞ்ச் பிரஸ்ஸும் அதைக் கொடுக்காது.

சின்ன_சாமி
பிறவி எல்லாம் இல்லை அண்ணே, வேகம்தான். கை வேகம் கூடினால் பலம் தானாக வரும். தம்பி, தினம் கயிறு தாண்டு, நிழல் குத்து போடு. எடை தூக்குவதை இன்றோடு நிறுத்து.

மோல்மேன்_ரவி
சாமி, வேகம் மட்டும் என்றால் ஹெவிவெயிட் வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் கணக்கு எப்படி? 1994-ல் 45 வயது. கை மெதுவாகத்தான் வந்தது. புள்ளிகளில் பின்தங்கி இருந்தவர், பத்தாம் சுற்றில் மைக்கேல் மூரரை ஒரே ஒரு குட்டை வலக்கையால் சாய்த்துவிட்டார். கைக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு வருகிறது என்பதும் கணக்கில் உண்டு.

பகோ_செல்வம்
ரவி அண்ணன் சொல்வதோடு சேர்க்கிறேன். குமரன், உன் கேள்வியிலேயே விடை இருக்கிறது: "பை எதிர்ச்சுவர் வரை போய் வருகிறது." நீ பையை அடிக்கவில்லை, தள்ளுகிறாய். நல்ல குத்து விழுந்தால் பை நடுவில் மடிந்து "பட்" என்று சத்தம் போடும், ஊஞ்சல் மாதிரி ஆடாது. தள்ளு நெஞ்சிலிருந்து வருகிறது, அதற்குத்தான் உன் 80 கிலோ பெஞ்ச் பிரஸ். குத்து தரையிலிருந்து வர வேண்டும்.

பின்கால் பாதம் தரையை மிதிக்கும், குதிகால் வெளியே திரும்பும், இடுப்பு சுழலும், அதற்கு அப்புறம்தான் தோள், கடைசியில் முஷ்டி. சாட்டை சொடுக்குவது போல. நடுவில் ஒரு கண்ணி பூட்டிக்கொண்டால் கீழிருந்து வந்ததெல்லாம் அங்கேயே நின்றுவிடும். சோவியத் வீரர்களை வைத்து எடுத்து 1985-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. தேர்ந்தவர்களின் குத்தில் கால்களின் பங்கு சுமார் 38 சதவீதம். புதியவர்களிடம் 17-ஐக்கூடத் தொடவில்லை. அவர்கள் கையையும் உடம்பையும் வைத்தே சமாளிக்கிறார்கள்.

இன்னொன்று. முஷ்டியைத் தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடிக்கிறாயா? கை தளர்வாகப் போக வேண்டும், தொடும் நொடியில் மட்டும் உடம்பு முழுவதும் இறுக வேண்டும். வேகமும் கனமும் அப்படித்தான் சேரும். பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் போடு. வலது குதிகால் எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய_கை
சதவீதம் எல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும். நான் 20 வருடமாகப் பயிற்சிக்கூடத்தில் நிற்கிறேன். சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது.

பகோ_செல்வம்
பிறவியில் கொஞ்சம் வருவது உண்மைதான் அண்ணே, நான் மறுக்கவில்லை. ஆனால் குதிகால் ஒட்டிக்கொண்டிருப்பவனிடம் "உனக்குப் பிறவியில் இல்லை" என்று சொல்லி அனுப்பினால், இருப்பதும் வெளியே வராமலே போய்விடும்.

கலா_சிஸ்டர்
நான் நர்ஸ். அடிப்பவனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். ஆளைச் சாய்ப்பதில் பாதி, அடி வாங்குகிறவனுடைய கழுத்தில் இருக்கிறது. தாடை நுனியில் பக்கவாட்டில் அடி விழுந்தால் அது நெம்புகோல் மாதிரி தலையைச் சட்டென்று திருப்பும். மண்டை திரும்பிவிடும், உள்ளே மூளை பின்தங்கும். அந்த முறுக்கில்தான் நினைவு போகிறது. வரும் அடியைப் பார்த்துவிட்டால் கழுத்து இறுகித் தாங்கிக்கொள்ளும், பார்க்காத அடிதான் கவிழ்க்கும். குமரன் தம்பி, உன் வலது கை கிளம்பும் முன்பே அவனுக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். இடது கையால் அவன் கண்ணை மறைத்துவிட்டு அப்புறம் விடு.

ஆனால் ஸ்பாரிங்கில் கூட்டாளியைச் சாய்க்கப் பார்க்காதே. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

மோல்மேன்_ரவி
சிஸ்டர் சொல்வது சரி. 2018 டிசம்பரில் 212 பவுண்டு எடையில் நின்ற ஹெவிவெயிட் வீரர் வைல்டர், தன்னைவிட 40 பவுண்டுக்கு மேல் கனமான ஃபியூரியைப் பன்னிரண்டாம் சுற்றில் மல்லாக்கப் படுக்கவைத்தார். ஃபியூரி எழுந்துவிட்டார். அடி எவ்வளவு பெரிதானாலும் வாங்குகிறவனும் ஒரு பாதி.

லெத்வேயில் வெறும் துணிக்கட்டு என்பதால் விரல் மூட்டு நேராகப் பதிகிறது. அதனால்தான் அங்கே நாக் அவுட் அதிகம். அதுதான் உண்மையான சோதனை.

சின்ன_சாமி
துணிக்கட்டு என்றால் கை உடையும் அண்ணே. கையுறையில் பயமில்லாமல் முழு பலத்தையும் விடலாம். அதனால் தலைக்குக் கையுறைதான் ஆபத்து.

மோல்மேன்_ரவி
லெத்வேயில் புள்ளியே கிடையாது, ஐந்து சுற்றும் இருவரும் நின்றால் சமன். பழைய விதி அப்படித்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை ஆடிவிட்டு வந்த ச்சா பா நியேன்தான் அதற்கு இன்றைய ஒழுங்கைக் கொடுத்தவர். சைங் என்ற பர்மிய மேளவாத்தியம் முழங்க அந்தச் சண்டையைப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

கலா_சிஸ்டர்
அதே பழைய விதியில்தான், நினைவு தப்பி விழுந்தவனுக்கு இரண்டு நிமிடம் கொடுத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, திரும்பவும் உள்ளே அனுப்புகிறார்கள். ரவி அண்ணே, எனக்கும் அந்தச் சண்டை பிடிக்கும், என் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை கலங்கிய மூளைக்கு அன்று இரவே இரண்டாவது அடி விழக்கூடாது. அந்த விதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

மோல்மேன்_ரவி
அது வீரனுடைய விருப்பம் சிஸ்டர். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கலா_சிஸ்டர்
நினைவே சரியாகத் திரும்பாதவனிடம் விருப்பத்தை எப்படிக் கேட்பது?

பகோ_செல்வம்
இதைத் தனி இழையாகப் பேசுவோம். குமரன் எங்கே?

தாமுவே_குமரன்
நேற்று கரண்ட் இல்லை, மன்னிக்கவும். குத்துச்சண்டைதான், 63 கிலோ. 16 அவுன்ஸ் கையுறை. எதிரே நிற்பவன் 71. செல்வம் அண்ணே, சயா (பயிற்சியாளர்) எடுத்த வீடியோவைப் பார்த்தேன். குதிகால் தரையோடு ஒட்டியே இருக்கிறது. இன்று அதைத் திருப்பி அடித்தேன், பை கொஞ்சம்தான் ஆடியது, சத்தம் வேறு மாதிரி வந்தது. சயா திரும்பிப் பார்த்தார். ஒரே சங்கடம், வலது கையில் சுண்டுவிரல் மூட்டுப் பக்கம் இரண்டு வாரமாக வீக்கம். ஐஸ் வைக்கிறேன். நாளை திரும்ப முழுசாக அடிக்கலாமா?

கலா_சிஸ்டர்
கூடாது. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி. ஆள்காட்டி விரல், நடுவிரல் மூட்டுகளில் விழ வேண்டிய அடி உனக்குச் சுண்டுவிரலில் விழுகிறது. அங்கே எலும்பு மெல்லிசு, மூட்டுக்குச் சற்றுக் கீழே உடைவது வழக்கம். இரண்டு வாரம் வீக்கம் வற்றவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அதுவரை இடது கை, கால் வேலை மட்டும்.

பழைய_கை
சிஸ்டர் சொல்வதைக் கேள். நானும் அந்த மூட்டை உடைத்துக்கொண்டவன். மழை வந்தால் இன்றும் வலிக்கிறது.

பகோ_செல்வம்
எக்ஸ்ரே எடுத்ததும் இங்கே ஒரு வரி போடு.

பகோ_செல்வம்
குமரன், நான்கு நாள் ஆகிவிட்டது. எடுத்தாயா?