புரொப்பேனில் ஓடும் எஸ்ஓஎஃப்சி: விகிதம் 2.5 இருந்தும் கரி ஏன்?

கேள்வி: கையடக்க எஸ்ஓஎஃப்சி (திட ஆக்சைடு எரிபொருள் கலம், எரிபொருளிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் செராமிக் கலம்) ஒன்று. நுண்குழாய் செல்கள், நிக்கலும் ஒய்எஸ்இசட் என்ற செராமிக்கும் கலந்த ஆனோடு (எரிபொருள் படும் மின்முனை), 750 டிகிரி செல்சியஸ். நிமிடத்துக்கு புரொப்பேன் 100 மிலி, தண்ணீர் 0.6 கிராம். நீராவி–கார்பன் விகிதம் (ஒரு கார்பன் அணுவுக்கு எத்தனை நீர் மூலக்கூறு) 2.5 வருகிறது. தனி ரிஃபார்மர் (எரிபொருளை நீராவியோடு வினைபுரியவைத்து ஹைட்ரஜன் கலந்த வாயுவாக்கும் பகுதி) இல்லை, எல்லாம் ஆனோடிலேயே. கந்தக வடிகட்டி புதிது. 40 மணி நேரத்தில் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போய், நுழைவழுத்தம் இரண்டு மடங்காகிவிட்டது. எங்கே பார்ப்பது?

பதில் 1: கந்தகம் என்றால் வோல்டேஜ் சட்டென்று விழுந்து ஒரு மட்டத்தில் நிற்கும், வழி அடைபடாது. இது கரிதான். லோடை மாற்றாமல் வோல்டேஜை நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். அலை தெரிகிறதா?

கேட்டவர்: ஆமாம். சுமார் 20 நொடிக்கு ஒன்று, செல்லுக்கு 40 மில்லிவோல்ட்.

பதில் 1: அப்படியானால் தண்ணீரை நீராவியாக்கும் ஆவியாக்கிதான் காரணம். 2.5 வெறும் சராசரி. துளி விழுந்து கொதிக்கும் நொடியில் நீராவி கொட்டுகிறது. அடுத்த துளி வரும்வரை செல்லுக்குப் போவது கிட்டத்தட்ட வெறும் புரொப்பேன். அப்போது படியும் கரியை அடுத்த நீராவி முழுதாக எடுத்துவிடாது. தண்ணீர்க் குழாயின் நுனியை ஆவியாக்கிக்குள் திணித்த செராமிக் பஞ்சில் தொடும்படி வையுங்கள். சுவர் 120–130 டிகிரி போதும். 200-ஐத் தாண்டினால் துளி ஒட்டாமல் துள்ளும். பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை உருளைகளால் அழுத்தித் தள்ளுவது) என்றால் அதன் துடிப்பும் சேரும், சிரிஞ்ச் பம்பில் ஒருமுறை சோதியுங்கள்.

பதில் 2: அலை நின்றாலும் புரொப்பேனை நேரே 750-க்கு அனுப்பாதீர்கள். செல்லை எட்டுமுன் குழாய்ச் சுவரிலேயே உடைந்து கரியாகும். முன்னால் 450–500 டிகிரியில் ஒரு நிக்கல் வினையூக்கிப் படுகை வையுங்கள். மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். மீத்தேன் ரிஃபார்மிங்கே மோலுக்கு 206 கிலோஜூல் விழுங்கும், நுழைவுப் பக்கம் குளிர்ந்து செராமிக் விரிசல் விடும் பயமும் இதில் குறையும்.

இன்னொன்று: மணிக்கு 12 கிராம் எரிபொருளுக்கு 36 கிராம் தண்ணீர் சுமக்கிறீர்கள். இதைக் கையடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோடியம் வினையூக்கியில் பகுதி ஆக்சிஜனேற்றம் (குறைந்த காற்றில் அரைகுறையாக எரிப்பது) செய்தால் தண்ணீரே வேண்டாம்: இதே புரொப்பேனுக்கு நிமிடத்துக்குக் காற்று சுமார் 860 மிலி, ஆக்சிஜன்–கார்பன் விகிதம் 1.2. திறன் கொஞ்சம் போகும்.

கேட்டவர்: படிந்த கரியைக் காற்று விட்டு எரிக்கலாமா?

பதில் 2: வேண்டவே வேண்டாம். நிக்கல் ஆக்சைடாகும்போது சுமார் 70 சதவீதம் பருக்கும், ஆனோடை ஒட்டிய மெல்லிய செராமிக் அடுக்கான எலக்ட்ரோலைட் பிளந்துவிடும். புரொப்பேனை நிறுத்தி, நைட்ரஜனோடு நீராவியும், நிக்கலைக் காக்க 10 சதவீத ஹைட்ரஜனும் 750-லேயே விடுங்கள். வெளிவாயுவில் கார்பன் மோனாக்சைடும் டைஆக்சைடும் அற்றுப்போகும்வரை தொடருங்கள். கரி இழைகள் பெயர்த்தெடுத்த நிக்கல் மட்டும் திரும்பாது.