புதுப்பிப்பு: மிதந்த சிறுநீரகச் செல்கள் ஒட்டிக்கொண்டன

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஆய்வகத்தில் நான் வளர்க்கும் ஹெக் 293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்கள் குடுவையின் அடியை விட்டுக் கிளம்பித் திட்டுத் திட்டாக மிதக்கின்றன, கிருமித் தொற்றா என்று? தொற்று இல்லை. தப்பு என்னுடையதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஊடகத்தை (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) சூடாக்காமல் அப்படியே ஊற்றி, போதாததற்குக் குடுவையை ஏசி அறையில் வெகுநேரம் வெளியே வைத்துவிட்டேன். 1973இல் நெதர்லாந்தின் லைடனில் மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து உருவான இந்த வகை லேசாகத்தான் ஒட்டும், குளிர்ந்தால் பிடியை விட்டுவிடும். வெளியே காரைக்குடி வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே இதுகளுக்குக் குளிர்! இப்போது ஊடகத்தை 37 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, செல்கள் மேல் நேராக விழாமல் ஓரமாக விடுகிறேன். அப்பத்தாவிடம் சொன்னதற்கு, “மாவு பொங்கவே வெதுவெதுப்பு வேணும்ல” என்றார். சரிதான். அப்புறம், மிதந்தவற்றைக் கொட்டவில்லை. செத்த செல்களில் மட்டும் ஏறும் ட்ரைபன் நீலச் சாயம் ஏறாதவை, அதாவது உயிருள்ளவை, நிறைய இருந்ததால், புதுக் குடுவைக்கு மாற்றினேன், அவையும் ஒட்டிவிட்டன.